ஜெப்பர்டி பந்தயங்கள்: திங்கள் முதல் வெள்ளி வரை, நீங்கள் இருந்தால் எவ்வளவு வைப்பீர்கள்?

தாயக்கட்டை | திங்கள், காலை 8:05

போன வாரம் அரட்டை இழையில் கொளத்தூர்காரன் ஒரு வரி போட்டுவிட்டுப் போனார்: "ஜெப்பர்டியில் கடைசி ரவுண்டில் கொஞ்சமாகப் பணம் வைக்கிறவன் எல்லாம் தொடைநடுங்கி." அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. சரி, தனி இழையாகவே திறந்துவிடலாம் என்று வந்துவிட்டேன்.

நாளுக்கு ஓர் ஆட்டம், எல்லாம் நிஜமாக நடந்தவை. கடைசிச் சுற்றுக்கு முன் யாரிடம் எவ்வளவு இருந்தது என்று காலையில் போடுவேன். நீங்கள் உங்கள் தொகையைச் சொல்லுங்கள். இரவில் நடந்ததைச் சொல்கிறேன். தேடிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவர்களைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஜெப்பர்டி என்பது அமெரிக்கத் தொலைக்காட்சியில் வரும் வினாடி வினா. மூன்று பேர் ஆடுவார்கள், அதில் ஒருவர் முந்தைய ஆட்டத்தில் ஜெயித்தவர். பலகையில் டாலர் மதிப்போடு குறிப்புகள் இருக்கும். பஸ்ஸரை முதலில் அடித்துச் சரியாகச் சொன்னால் அந்தத் தொகை சேரும், தப்பாகச் சொன்னால் கழியும். இரண்டு சுற்று முடிந்ததும் ஃபைனல் ஜெப்பர்டி. தலைப்பை மட்டும் காட்டுவார்கள். தன்னிடம் இருப்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் பந்தயம் வைக்கலாம். வைத்த பிறகுதான் குறிப்பு வரும். அடுத்தவர் எவ்வளவு வைத்தார் என்பது தெரியாது. ஜெயித்தவர் மட்டுமே சேர்த்த பணத்தை எடுத்துப் போவார். நாம் பார்க்கப்போகிற சாதாரண ஆட்டங்கள் நடந்த காலத்தில் இரண்டாமவருக்கு 2,000 டாலர், மூன்றாமவருக்கு 1,000 டாலர், அவ்வளவுதான்.

முதல் ஆட்டம் 2004 நவம்பர் 30. கென் ஜென்னிங்ஸ் தொடர்ச்சியாக 74 ஆட்டம் ஜெயித்துவிட்டு நிற்கிறார், கையில் 14,400. உங்களிடம் 10,000. மூன்றாமவரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தலைப்பு: 'வணிகமும் தொழில்துறையும்'. எவ்வளவு?


கொளத்தூர்காரன் | திங்கள், காலை 8:40

பத்தாயிரமும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எதிரில் நிற்பது 74 ஆட்டம் ஜெயித்தவன். அவனை விழுத்தாட்ட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் போட்டு அடிக்க வேண்டும்.


கணக்கு வாத்தியார் | திங்கள், காலை 9:15

1,200. அதற்கு மேல் ஒரு டாலர்கூட இல்லை.


நியூஜெர்சி மீனா | திங்கள், காலை 10:02

சார், அதென்ன சரியாக 1,200? நான் ஐயாயிரம் வைப்பேன் என்று எழுத வந்தேன், உங்கள் பதிலைப் பார்த்துக் கை நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு இது ஓடும். மாமியாருக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. கீரையை மடியில் வைத்து ஆய்ந்துகொண்டே மூன்று பேரின் தொகையை மட்டும் பார்ப்பார். கடைசிச் சுற்றுக்கு முன்னால் "அந்த நடுவுல நிக்கிற பொண்ணு தோத்துரும்" என்பார். பாதி நாள் பலிக்கும்.


கணக்கு வாத்தியார் | திங்கள், காலை 11:30

மீனா, கென்னின் இடத்திலிருந்து பாரும்மா. நீ எல்லாவற்றையும் வைத்துச் சரியாகச் சொன்னால் 20,000 வரும். அதைத் தாண்ட அவருக்கு 20,001 வேண்டும். ஆக அவர் 5,601 வைப்பார். முன்னணியில் இருப்பவர் வழக்கமாக வைக்கும் பந்தயம் இதுதான்.

அவர் சரியாகச் சொன்னால் 20,001. நீ தலைகீழாக நின்றாலும் எட்டாது. தப்பாகச் சொன்னால் 8,799. நீ 1,200 வைத்துத் தப்பாகச் சொன்னாலும் உன்னிடம் 8,800 இருக்கும். ஒரே ஒரு டாலர் அதிகம், ஆட்டம் உன்னுடையது.

அதாவது 1,200-க்குள் வைத்தால் உனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கென் தப்பு செய்தால் போதும். முதலாமவரின் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இரண்டாமவரிடம் இருந்தால் எப்போதும் இது நடக்கும். பத்தாயிரம் என்பது 14,400-இல் 69 சதவீதத்துக்குச் சற்று மேல். வாசல் திறந்திருக்கிறது.


சும்மா வந்தவன் | திங்கள், பகல் 1:12

பொது அறிவுப் போட்டி என்று நினைத்து உள்ளே வந்தேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடம் நடக்கிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன்.


தாயக்கட்டை | திங்கள், இரவு 9:20

எதிரில் நின்றவர் நான்சி ஸெர்க். அவர் வைத்தது 4,401. குறிப்பு ஏறக்குறைய இப்படி: இந்த நிறுவனத்தின் 70,000 பருவகால அலுவலக ஊழியர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு நான்கு மாதம்தான் வேலை செய்கிறார்கள். ஸெர்க் எழுதியது எச் அண்ட் ஆர் பிளாக், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பவர்கள். கென் எழுதியது ஃபெடெக்ஸ். அவர் வைத்தது வாத்தியார் சொன்ன அதே 5,601.

ஸெர்க் 14,401, கென் 8,799. 75 ஆட்டத்தில் கென் இப்படி யாராவது எட்டிப் பிடிக்கும் தூரத்தில் கடைசிச் சுற்றுக்கு வந்தது பத்தே முறைதான். அன்றைக்கு முன்னதாக இரண்டு டெய்லி டபுளில் (பலகையில் ஒளிந்திருக்கும் குறிப்பு, அதை எடுத்தவர் மட்டும் பந்தயம் வைத்துப் பதில் சொல்ல வேண்டும்) 10,200 டாலரைத் தொலைத்திருந்தார். இல்லாவிட்டால் இந்தப் பேச்சே வந்திருக்காது.


கொளத்தூர்காரன் | திங்கள், இரவு 9:31

ஆக 1,200 வைக்கவில்லை. பெரிசாக வைத்தாள், ஜெயித்தாள். வாத்தியார் பாடம் போர்டோடு சரி.


கணக்கு வாத்தியார் | திங்கள், இரவு 10:04

1,200 வைத்திருந்தாலும் ஜெயித்திருப்பார் தம்பி, 11,200 வந்திருக்கும். 4,401-இல் இருந்த வித்தியாசம், பதில் தெரியாமல் போயிருந்தால் 5,599-க்கு இறங்கித் தோற்றிருப்பார் என்பதுதான்.


நியூஜெர்சி மீனா | திங்கள், இரவு 10:40

ஆனால் சார், 4,401-க்கும் ஓர் அர்த்தம் இருக்கிறதே. 10,000-உடன் அதைக் கூட்டினால் 14,401. கென்னிடம் இருந்ததைவிட ஒரு டாலர் அதிகம். "இவள் கொஞ்சமாகத்தான் வைப்பாள்" என்று நினைத்துக் கென் ஒன்றுமே வைக்காமல் இருந்தால்? அப்போது 1,200 வைத்தவர் சரியாகச் சொல்லியும் தோற்பார்.


கணக்கு வாத்தியார் | செவ்வாய், காலை 6:10

நல்ல கேள்வி. ராத்திரி தூங்கும்போது அதைத்தான் யோசித்தேன். நீ சொல்வது சரி, கென் சும்மா இருந்துவிட்டால் என் 1,200 அடிபடும். ஆனால் 74 ஆட்டமாக ஜெயிக்கிறவர் கடைசிக் குறிப்பைத் தன்னால் சொல்ல முடியும் என்றுதான் நம்புவார். அப்படி நம்புகிறவர் 20,001-க்குத்தான் போவார். எதிராளி யார் என்று தெரிந்த பிறகுதான் தொகையை எழுத வேண்டும்.


தாயக்கட்டை | செவ்வாய், காலை 8:00

இன்றைக்கு 2007 மார்ச் 16. நீங்கள்தான் முன்னணி, 13,400. மற்ற இருவரும் ஆளுக்கு 8,000. இரட்டிப்பாக்கினால் 16,000 வரை வரலாம். எவ்வளவு?


நியூஜெர்சி மீனா | செவ்வாய், காலை 8:22

ஆ, நேற்றுப் படித்தது! 2,601. மொத்தம் 16,001.


சும்மா வந்தவன் | செவ்வாய், காலை 8:30

2,601. கடைசி பெஞ்சும் கற்றுக்கொண்டது.


கொளத்தூர்காரன் | செவ்வாய், காலை 9:00

13,400.


தாயக்கட்டை | செவ்வாய், இரவு 9:05

முன்னணியில் இருந்தவர் வைத்தது 2,600. மற்ற இருவரும் முழுவதையும் வைத்தார்கள். மூவரும் சரியாகச் சொன்னார்கள். மூன்று பேருக்கும் 16,000.

அன்றைய விதிப்படி சமமாக முடிந்தால் எல்லோரும் சாம்பியன், எல்லோருக்கும் பணம், எல்லோரும் அடுத்த ஆட்டத்துக்குத் திரும்பி வரலாம். ஒரு டாலர் கூட வைத்திருந்தால் தனியாக ஜெயித்திருப்பார். வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. அவருக்கு அதனால் ஒரு பைசா நட்டமில்லை, மற்ற இருவருக்கும் பதினாறாயிரம் கிடைத்தது. மூன்று பேரும் பணத்தோடு சாம்பியனாக முடித்தது அதுவே முதல் முறை.


சும்மா வந்தவன் | செவ்வாய், இரவு 9:18

வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தன் இலையிலிருந்து எடுத்துப் போடுகிற ரகம். இந்த மாதிரி ஆட்களை நம் அபார்ட்மெண்ட் அசோசியேஷனுக்குத் தலைவராகப் போட வேண்டும்.


நியூஜெர்சி மீனா | செவ்வாய், இரவு 9:45

நல்ல மனசு என்பதோடு ஒரு கணக்கும் இருக்கிறதே. நாளைக்குத் திரும்பவும் இதே இருவர் வருவார்கள். இவர்களை ஏற்கெனவே ஒரு முறை பின்னால் தள்ளியாகிவிட்டது. முன்பின் தெரியாத புது ஆள் இருவர் வருவதைவிட இது தேவலை.

ஆனால் இப்போது முடியாது. 2014 நவம்பரிலிருந்து சமம் ஆனால் கூடுதலாக ஒரு குறிப்பு கொடுத்து ஒருவரைத்தான் ஜெயிக்க விடுகிறார்கள். பெருந்தன்மைக்கும் விதி போட்டு மூடிவிட்டார்கள்.

இன்னொன்று, நிறைய பேருக்குத் தெரியாது. ஒரு வாரத்து ஐந்து ஆட்டத்தையும் ஒரே நாளில் எடுத்துவிடுவார்கள், கலிஃபோர்னியாவில் கல்வர் சிட்டி ஸ்டூடியோவில். மாற்றுத் துணி கொண்டு வரச் சொல்லிவிடுவார்கள். திங்கட்கிழமை ஜெயித்தவர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமையாக வெளியே வருவார். நமக்கு அது ஒரு வாரம், அவர்களுக்குக் காலையும் சாயங்காலமும்.


கொளத்தூர்காரன் | செவ்வாய், இரவு 10:15

அப்படியா? அப்படியென்றால் நாலாவது ஆட்டத்தில் மூளை குழம்பித்தானே போகும். இது தெரிந்த பிறகு 74 ஆட்டம் இன்னும் பெரிசாகத் தெரிகிறது.


தாயக்கட்டை | புதன், காலை 8:10

இன்று கேள்வி வேறு மாதிரி. 2011 பிப்ரவரி 15. ஐபிஎம் செய்த வாட்சன் என்ற கணினி. எதிரில் பழைய சாம்பியன்கள் இருவர், நம் கென் ஜென்னிங்ஸும் பிராட் ரட்டரும். இரண்டு ஆட்டத் தொகையையும் கூட்டி வெற்றி. முதல் ஆட்டத்தின் கடைசிச் சுற்றுக்கு முன் வாட்சனிடம் 36,681, ரட்டரிடம் 5,400, கென்னிடம் 2,400. தலைப்பு 'அமெரிக்க நகரங்கள்'. வாட்சன் வைத்தது 947. ஏன்?


சும்மா வந்தவன் | புதன், காலை 8:44

கரண்ட் பில் கட்டப் பணம் வேண்டாமா?


கொளத்தூர்காரன் | புதன், காலை 9:20

மிஷினுக்கு ரத்தம் கிடையாது, அதான். 36,681-ஐ வைத்துக்கொண்டு 947 வைப்பது என்பது கல்யாணத்துக்குப் போய் மொய்க் கவரில் பத்து ரூபாய் போடுகிற மாதிரி.


கணக்கு வாத்தியார் | புதன், காலை 10:30

அவ்வளவு முன்னால் இருக்கும்போது இழப்பதால்தான் கெடும், சேர்ப்பதால் பெரிதாக ஒன்றும் மாறாது. மற்ற இருவரும் முழுவதையும் வைத்துச் சரியாகச் சொன்னாலும் 10,800-ம் 4,800-ம்தான். பெரிய பந்தயத்துக்கு வேலையே இல்லை.


தாயக்கட்டை | புதன், இரவு 9:00

குறிப்பு: இதன் மிகப் பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப் போர் வீரர் ஒருவரின் பெயர், இரண்டாவது பெரிய நிலையத்துக்கு அதே போரின் ஒரு சண்டையின் பெயர். மனிதர்கள் இருவரும் சிகாகோ என்று எழுதினார்கள். ஒஹேர், மிட்வே. வாட்சன் எழுதியது டொராண்டோ. பக்கத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அமெரிக்க நகரம் என்று தலைப்பிலேயே இருக்கிறது, டொராண்டோ கனடாவில் இருக்கிறது! அரங்கமே சிரித்தது.

ஆனால் போனது 947 டாலர்தான். 35,734-இல் நின்றது. மறுநாள் மொத்தம் 77,147 எடுத்து, கென்னின் 24,000-ஐயும் ரட்டரின் 21,600-ஐயும் தாண்டிப் போய்விட்டது.

எனக்குப் பிடித்தது வேறு. அதன் டெய்லி டபுள் தொகைகளைப் பாருங்கள்: 6,435, 1,246. மனிதன் 6,400 என்பான், 1,200 என்பான். நமக்கு வட்டமான எண்ணில் ஒரு பாசம். வாட்சனின் பந்தயக் கணக்கை எழுதியவர்களில் ஒருவரான ஜெரால்ட் டெசாரோ, அதற்கு முன்னால் பேக்கேமன் ஆடும் நிரல் எழுதிப் பேர் வாங்கியவர். தாயம் உருட்டுகிற விளையாட்டுதான் அதுவும். என் பெயருக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது, பாருங்கள்.


நியூஜெர்சி மீனா | புதன், இரவு 9:50

இதை மாமியாரிடம் சொன்னேன். "தெரியாத விஷயத்துல கம்மியா வச்சுது பாரு, அதுதான் அறிவு" என்றார். டொராண்டோவில்தான் என் நாத்தனார் இருக்கிறாள், அதையும் சேர்த்துச் சிரித்தார்.


தாயக்கட்டை | வியாழன், காலை 8:15

கொளத்தூர்காரனுக்கு இன்று விருந்து. 2019 ஏப்ரல் 17, ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர். லாஸ் வேகஸ்காரர், விளையாட்டுப் பந்தயமே தொழில். கடைசிச் சுற்றுக்கு முன் கையில் 71,114. எதிரிகள் எட்டாத தூரத்தில். எவ்வளவு வைத்தார்?


கொளத்தூர்காரன் | வியாழன், காலை 8:20

இவனைத் தெரியும்!! 60,013. மொத்தம் 1,31,127. ஒரே ஆட்டத்தில். தேடவில்லை, மனப்பாடம். என் தலைவன்.


தாயக்கட்டை | வியாழன், காலை 8:35

சரி, நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவர் வரும் முன் ஒரு நாள் சாதனை 77,000. அதை ஏப்ரல் 9 அன்று 1,10,914 எடுத்து உடைத்தார். அந்த எண்ணும் சும்மா வரவில்லை, மகள் பிறந்தது 2014 நவம்பர் 9. அமெரிக்க முறையில் எழுதினால் 11-09-14. மகளின் பிறந்த நாளுக்கு வந்து சேரும்படி பந்தயத் தொகையைக் கணக்குப் போட்டு வைத்தவர்.


கொளத்தூர்காரன் | வியாழன், காலை 9:10

இப்போது கேட்கிறேன் வாத்தியாரே. டெய்லி டபுள் கிடைத்தால் இரண்டு கையாலும் சீட்டுக்காசைத் தள்ளுகிற மாதிரி சைகை காட்டி "எல்லாமே" என்பான். 32 ஆட்டம், 24,62,216 டாலர். இவனும் தொடைநடுங்கி இல்லையே?


கணக்கு வாத்தியார் | வியாழன், காலை 11:00

நான் எப்போது எல்லாவற்றையும் வைப்பது தப்பு என்றேன்? டெய்லி டபுள் வேறு, ஃபைனல் வேறு.

டெய்லி டபுளில் பஸ்ஸர் போட்டியே கிடையாது. உன்னிடம் மட்டும்தான் கேட்பார்கள். மற்ற குறிப்புகளுக்குப் பதில் தெரிந்தும் குறிப்பைப் படித்து முடிப்பதற்கு ஒரு கணம் முந்தி பஸ்ஸரை அழுத்தினால் பூட்டிவிடும், பிந்தினால் அடுத்தவன் எடுத்துவிடுவான். போட்டியே இல்லாமல் பணத்தை இரட்டிக்கும் இடம் ஆட்டம் முழுக்க மூன்றே மூன்று. நிறையப் பதில் தெரிந்தவன் அங்கே கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. தப்பினாலும் மீட்டுக்கொள்ளப் பலகையில் குறிப்புகள் பாக்கி இருக்கும்.

ஹோல்ஸ்ஹவர் செய்த இன்னொன்றையும் பார். எல்லோரும் மேலே இருக்கும் 200 டாலரிலிருந்து ஆரம்பிப்பார்கள், அவர் அடியில் இருக்கும் 1,000-இலிருந்து ஆரம்பிப்பார். டெய்லி டபுள் பெரும்பாலும் கீழ் வரிசைகளில்தான் ஒளிந்திருக்கும். அது கைக்கு வரும் நேரத்தில் வைப்பதற்குப் பணமும் சேர்ந்திருக்கும். கஜானாவை நிரப்பிக்கொண்டு புதையலைத் தோண்டினார். குருட்டு தைரியத்துக்கு அதில் இடமே கிடையாது.

நேற்றுச் சொன்னேனே, அவ்வளவு முன்னால் இருக்கும்போது சேர்ப்பதால் ஒன்றும் மாறாது என்று. அது வாட்சனுக்கு, அங்கே பரிசுத் தொகை முன்பே முடிவானது. ஹோல்ஸ்ஹவருக்கு வைத்த 60,013-ம் கையில் வரும் காசு. தோற்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு வைத்தார்.


கொளத்தூர்காரன் | வியாழன், மதியம் 2:25

சரி, ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில் சொந்தக் கதை உண்டு.

காலேஜில் இரண்டாம் வருடம், வேறொரு கல்லூரி கல்ச்சுரல்ஸில் வினாடி வினா இறுதிச் சுற்று. கடைசிக் கேள்விக்கு ஜெப்பர்டி மாதிரியே பந்தயம். நாங்கள் 90 புள்ளி, அடுத்த டீம் 55, மூன்றாவது 40. தலைப்பு 'ராகம்'. எனக்குப் பாட்டி புண்ணியத்தில் ஏழு வருடம் பாட்டு கிளாஸ். கூட இருந்தவன் ஏதோ முணுமுணுத்தான். நான் சிலேட்டைப் பிடுங்கி 90 என்று சாக்பீஸ் உடைகிற அளவுக்கு அழுத்தி எழுதினேன்.

வயலினில் அரை நிமிடம் வாசித்த டேப். நான் எழுதியது சிம்மேந்திரமத்யமம். அது கீரவாணி. ஒரே ஒரு மத்யமம்தான் வித்தியாசம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஸ்பீக்கர் வேறு கரகரவென்று இருந்தது. 90 போய் பூஜ்யம். அடுத்த டீம் ஒன்றும் வைக்கவில்லை, ஒன்றும் எழுதவில்லை, 55-உடன் கோப்பையை எடுத்துப் போனார்கள். அன்றிலிருந்து கொஞ்சமாக வைக்கிறவனைக் கண்டாலே எனக்கு எரியும்.


சும்மா வந்தவன் | வியாழன், மதியம் 2:40

அட, ஒரு வாரமாக வாத்தியாரோடு நடந்த சண்டைக்கு இதுதான் வேரா!


நியூஜெர்சி மீனா | வியாழன், மாலை 6:05

பாவம். ஸ்பீக்கர் கரகரப்பில் மத்யமத்தைப் பிடிப்பது கஷ்டம்தான்.


தாயக்கட்டை | வெள்ளி, காலை 8:00

கடைசி ஆட்டம். 2019 ஜூன் 3. அதே ஹோல்ஸ்ஹவர், 32 வெற்றிக்குப் பிறகு. கென்னின் 25,20,700-ஐ எட்ட இன்னும் 58,484 டாலர்தான் பாக்கி. எதிரில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்த எம்மா பெட்சர். ஜெப்பர்டி குறிப்புகளில் எது எளிது, எது கடினம் என்று கணினியால் கணிக்க முடியுமா என்பதையே முதுநிலைப் படிப்பின் ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர். இரண்டாம் சுற்றின் இரண்டு டெய்லி டபுளும் அவர் கையில்தான் சிக்கின.

கடைசிச் சுற்றுக்கு முன்: எம்மா 26,600. ஹோல்ஸ்ஹவர் 23,400. மூன்றாமவர் 11,000. தலைப்பு 'ஷேக்ஸ்பியரின் காலம்'.

ஹோல்ஸ்ஹவர் வைத்தது 1,399. வாரம் முழுக்க நாம் எழுதியதெல்லாம் இந்த ஒரு எண்ணில் இருக்கிறது. யாராவது பிரித்துக் காட்டுங்கள்.


கொளத்தூர்காரன் | வெள்ளி, காலை 8:25

இந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். அன்றைக்கு இணையம் முழுக்க இதுதான் பேச்சு. வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தான் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தினமும் பத்தாயிரக் கணக்கில் வைக்கிறவன் அன்றைக்கு மட்டும் 1,399 வைப்பானா? குடும்பத்தைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டான்.


நியூஜெர்சி மீனா | வெள்ளி, காலை 9:40

நான் முயற்சி செய்கிறேன் சார், தப்பென்றால் திருத்துங்கள்.

எம்மா முன்னணி. அவர் ஹோல்ஸ்ஹவரின் இரட்டிப்புக்கு மேல் ஒரு டாலர் போவார். 46,800-உடன் ஒன்று, 46,801. அதற்கு 20,201 வைக்க வேண்டும். எம்மா சரியாகச் சொன்னால் ஹோல்ஸ்ஹவர் முழுவதையும் வைத்தாலும் 46,800-தான், தோல்வி. எம்மா தப்பாகச் சொன்னால் அவரிடம் 6,399.

ஆக, எம்மா தப்பாகச் சொல்லும் உலகம் மட்டும்தான் ஹோல்ஸ்ஹவருக்கு. அந்த உலகத்தில் யார் மிச்சம்? மூன்றாமவர். அவர் முழுவதையும் வைத்துச் சரியாகச் சொன்னால் 22,000. ஹோல்ஸ்ஹவர் 1,399 வைத்துத் தப்பாகச் சொன்னால் 23,400-இல் மிச்சம்... 22,001!!


கணக்கு வாத்தியார் | வெள்ளி, காலை 9:58

நூற்றுக்கு நூறு. திருத்த ஒன்றுமில்லை.


சும்மா வந்தவன் | வெள்ளி, காலை 10:11

அதாவது பதில் தெரியாவிட்டாலும் ஜெயிக்கக்கூடிய அதிகபட்சத் தொகை. ஒரு டாலர் கூட்டினால் மூன்றாமவரோடு சமம் ஆகிவிடும் அபாயம். ஒரு டாலர் குறைத்தால் அந்த ஒரு டாலர் வீண். முப்பது ஆட்டத்துக்கு மேல் ஆடிக் களைத்த தலைக்கு இது வருகிறது. எனக்கு மளிகைக் கடையில் சில்லறை எண்ணவே வராது.


தாயக்கட்டை | வெள்ளி, இரவு 9:00

எம்மா வைத்தது 20,201. மீனா சொன்ன அதே தொகை. இருவரும் தனித்தனியாக ஒருவரை ஒருவர் துல்லியமாகப் படித்திருக்கிறார்கள். மூவரும் சரியாகச் சொன்னார்கள், கிறிஸ்டோபர் மார்லோ. எம்மா 46,801, ஹோல்ஸ்ஹவர் 24,799. தோற்றவர் நேராக நடந்து போய் எம்மாவின் கையில் ஒரு ஹை-ஃபைவ் அடித்தார்.

முழுவதையும் வைத்திருந்தால் 46,800. ஒரு டாலரில் தோற்றிருப்பார். பெரிசாக வைக்காததால் அவர் இழந்தது ஒன்றுமே இல்லை.


கொளத்தூர்காரன் | வெள்ளி, இரவு 11:48

இவ்வளவு வருடம் விட்டுக்கொடுத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

தூக்கம் வரவில்லை. என் 90-ஐ எடுத்து உட்கார்ந்தேன். அடுத்த டீமின் இரட்டிப்பு 110. அதைத் தாண்ட 111. நான் 21 வைத்திருந்தால் போதும். தப்பாகச் சொன்னாலும் 69. அவர்கள் 55. மூன்றாவது டீம் 40-இலேயே நின்றது, அவர்களும் ஒன்றும் வைக்கவில்லை. கீரவாணியைச் சிம்மேந்திரமத்யமம் என்று எழுதியும் கோப்பை எங்களுடையது.

ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.


நியூஜெர்சி மீனா | சனி, காலை 7:30

கீரவாணி 21-ஆவது மேளகர்த்தா என்பதைக் கவனித்தீர்களா? வைக்க வேண்டிய தொகையையே டேப்பில் வாசித்திருக்கிறார்கள்.


கொளத்தூர்காரன் | சனி, காலை 9:15

வெந்த புண்ணில் வேல். :)

அன்றைக்குக் கூட இருந்தவன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். காலையில் இந்த இழையை அவனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில்: "அன்னைக்கே நான் இருபது வைடான்னு சொன்னேன், நீ கேட்டியா?" அவன் முணுமுணுத்தது இதைத்தானாம்.


கணக்கு வாத்தியார் | சனி, காலை 9:32

இருபத்தொன்று.